சுகம் வராமல் முடித்த நேர்த்தி

“சுகம் வராமல் ஏன் பிள்ளை நேர்த்தியை முடிச்சனீங்கள்?”

மத்தியஸ்த சபையில் வைத்துத் தவிசாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். முன்னால் இருந்த மேசையில் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கவராயத்தால் கீறிவைத்த மீனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பல பதில்கள் யோசித்துப் பார்த்தேன். சமைக்கும்போது ஒன்று சரியாகப் படும், பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அது பிழையாகத் தெரியும்.

நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

நாங்கள் இருப்பது இணுவிலில். நான் நல்லூரில் ஒரு ரியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பில், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். சனி ஞாயிறு காலையில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் போவேன், மத்தியானம் திரும்பி வருவேன். அப்படித் திரும்பி வந்த ஒரு நாள், சந்து போன்ற ஒழுங்கை ஒன்றில் இருந்து ஒரு பட்டா வாகனம் பின்னோக்கி வந்து என்னை இடித்தது. பட்டா என்பது எங்கள் பக்கம் மரக்கறி ஏற்றுகிற சின்ன லொறி. அதில் சுன்னாகம் சந்தைக்குப் போகிற வெங்காய மூட்டைகள் இருந்தன. ஓட்டியவர் சந்தையில் வியாபாரம் செய்கிறவர், வாகனமும் அவருடையதுதான்.

விழுந்த உடனே நான் செய்த முதல் காரியம், விலகியிருந்த சட்டையை இழுத்துவிட்டது. இரண்டாவது காரியம், ஓடிவந்த அந்த மனிதருக்கு ஆறுதல் சொன்னது.

“ஐயோ தங்கச்சி, காணேல்லை. சத்தியமாக் காணேல்லை.”

“பரவாயில்லை அண்ணை, எனக்கு ஒண்டும் இல்லை.”

அப்படிச் சொல்லிக்கொண்டே எழும்பப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. அப்போதும், றோட்டில் நிற்கிற வாகனங்களுக்கு இடைஞ்சலாகக் கிடக்கிறேனே என்றுதான் யோசித்தேன்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை நல்ல செய்தியாகச் சொன்னார்கள். பிறகு எடுத்த ஸ்கானில், நாரியில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. இடுப்புக்குப் பின்பக்கத்தை நாங்கள் நாரி என்போம். பொலிஸ் வழக்குப் போட்டது. வியாபாரி நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், பிழையை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். அது அரசாங்கத்துக்கும் அவருக்கும் உள்ள விஷயம். என் நாரிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

தொடக்கத்தில் அவர் நன்றாகத்தான் நடந்துகொண்டார். மனைவியையும் கூட்டிக்கொண்டு அப்பிளும் பால்மாப்பெட்டியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். “என்ன செலவெண்டாலும் சொல்லுங்கோ தங்கச்சி, யோசிக்காதேங்கோ” என்றார். முதல் ஸ்கானுக்கு அவர்தான் காசு கட்டினார். வீட்டுக்கும் ஒரு முறை வந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதா என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப்போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்து அவருக்குப் பெரிய நிம்மதி. “இந்தா, எழும்பி நடக்கிறியளே!” என்று சிரித்தார். அதற்குப் பிறகு வெங்காய விலை விழுந்தது. அவர் தொலைபேசி எடுப்பதும் குறைந்தது.

நோவைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டம். கேட்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும், எனக்கும் அலுத்துவிட்டது. கிணற்றில் வாளியை இழுக்க ஏலாது. திருவலையில் குந்தித் தேங்காய் திருவ ஏலாது. தும்மல் வந்தால் முதலில் எதையாவது பிடிக்க இடம் தேடுவேன். இடது கால் சில நாள் எரியும், சில நாள் மரத்துக் கிடக்கும். கரும்பலகைக்கு முன்னால் ஒரு பாடம் முழுக்க நிற்க முடியாததால் ரியூட்டரியை விட்டேன். “சுகமானாப்போலை வாங்கோ ரீச்சர்” என்றார்கள். இப்போது அங்கே வேறு ஒருவர் படிப்பிக்கிறார். மகளைத் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கதிரையில் ஏறி நின்று, என் உயரத்துக்கு வந்து, “இப்ப கொஞ்சுங்கோ” என்பாள். பார்க்கிறவர்கள் கெட்டிக்காரி என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

இதில் எரிச்சல் என்னவென்றால், என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை. பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்தால், வயதானவர்கள் நிற்கிறார்கள் என்று நடத்துநர் என்னை எழுப்புவார். எழும்பிவிடுவேன். ஏனென்று சொல்லப்போனால் கதை நீளும்.

இனி அந்த நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வார்ட்டில் புரளக்கூட முடியாமல் கிடந்தபோது அம்மா நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்துவிட்டார். “என்ரை பிள்ளை எழும்பி நடந்தால், திருவிழாவுக்கு அடியழிப்பிப்பன்.” பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கும் கேட்டது. எங்கள் ஊரில் நேர்த்திக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கேட்கிறோம், பிறகு அவர் தருகிறார், தந்த பிறகு நாங்கள் கொடுக்கிறோம். கிடைக்காத ஒன்றுக்கு யாரும் நேர்த்தி முடிப்பதில்லை.

அடியழிப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாக் காலத்தில் விடியற்காலையில் ஆண்கள் கோயிலின் வெளிவீதியில் புரண்டு பிரதட்சணம் செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள், முழங்காலில் விழுந்து, கைகளை நீட்டி, நெற்றியை மண்ணில் வைத்துக் கும்பிட்டு, எழும்பி, கை தொட்ட இடம் வரை நடந்து, மறுபடி விழுந்து எழும்புவார்கள். அப்படியே வீதி முழுக்கச் சுற்ற வேண்டும். நாரி நோவுள்ள ஒருத்தி செய்யக்கூடாதது எதுவென்று ஒரு டொக்டரைக் கேட்டால், இதைத்தான் சொல்வார். அதனாலேயே நான் டொக்டரைக் கேட்கவில்லை.

“இந்த முறை விடுவம் அம்மா. நோ மாறேல்லையே” என்று சொல்லிப் பார்த்தேன்.

“எழும்பி நடக்கிறாய்தானே?”

“நடக்கிறன். ஆனா…”

“நேர்ந்ததைத் தவணை தள்ளக்கூடாது பிள்ளை. உனக்கு வராது, உன்ரை பிள்ளைக்குத்தான் ஏதும் வரும்.”

அந்தக் கிழமையே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் படித்தவள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும் என்று தெரியும். ஆனால் உடம்பு கொதிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் தெரிந்ததெல்லாம் துணைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கு அடுத்த நாள் நான் நல்லூருக்கு வெளிக்கிட்டேன். என் கணவர் வாசலில் நின்று, “இஞ்சேரும், ஏலாட்டி உடனே நிப்பாட்டும். முருகன் ஒண்டும் நிண்டு எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்” என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

முதல் பக்கம் எப்படியோ போய்விட்டது. வீதியில் பரப்பியிருந்த மணல் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது, நெற்றியை வைக்க இதமாகக்கூட இருந்தது. இரண்டாம் பக்கத்தில் திரும்பியபோது இடது கால் என் சொல் கேட்கவில்லை. விழுந்தேன், எழும்பவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும் என்று பதறிக்கொண்டு கையை ஊன்றினேன். அப்போது யாரோ என் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள்.

“மெல்ல, மெல்ல. என்னைப் பிடியுங்கோ.”

வியாபாரியின் மனைவி. ஈரத் தலை, நெற்றி முழுக்க மணல். அவரும் அடியழித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார், எனக்கு நேர் பின்னால்.

“அக்கா, நீங்கள் என்னத்துக்கு?”

“உங்களுக்குத்தான் தங்கச்சி. நீங்கள் எழும்பி நடக்கவேணும் எண்டு நான் அண்டைக்கே நேர்ந்தனான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். என்னை இடித்த மனிதரின் மனைவி எனக்காக மண்ணில் விழுந்து எழும்புகிறார், பிறகு நான் எப்படி நடுவில் நிறுத்துவது? முடித்தேன். மிச்சத் தூரத்தில் இன்னும் சில தடவைகள் அவர் என்னைத் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவள், திருவிழா முடியும்வரை கட்டிலைவிட்டு அதிகம் எழும்பவில்லை. தேரையும் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. வியாபாரி தொலைபேசி எடுக்காததால் நான் ஏற்கனவே மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கோட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற சபை அது. சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களில் நடக்கும். அங்கே என் நோவுக்கு ஒரு சாட்சி இருக்கிறார் என்று நினைத்தேன். என்னைத் தன் கையாலேயே தூக்கிவிட்டவர், சொல்லாமல் விடுவாரா?

சபைக்குப் போகிற நாள் அம்மா பெட்டியைத் திறந்து நல்ல சேலை எடுத்துவைத்தார். “நாலு பெரிய மனுசர் இருக்கிற இடம். வடிவா உடுத்திக்கொண்டு போ.” உடுத்தினேன், பவுடர் போட்டேன், பொட்டு வைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது, நோவாளி என்று என்னையே நான் நம்பமாட்டேன் என்று தோன்றியது. கொஞ்சம் நொண்டி நடக்கலாமா என்றுகூட யோசித்தேன். நோகிற காலைத்தானே நொண்டப் போகிறேன், அதில் பொய் என்ன இருக்கிறது? ஆனால் யோசித்து நொண்டினால் அது நடிப்புத்தானே? இந்தக் குழப்பத்தில் வழக்கத்தைவிட நேராகவே நடந்து போய்விட்டேன்.

ஆரம்ப வகுப்பு அறை ஒன்றைத் தந்திருந்தார்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள் இருந்து படிக்கிற மர வாங்குகள். அவ்வளவு தாழ்வாக இருந்தால் எனக்குக் கால் விறைக்கும், அதனால் நின்றேன்.

“ஏன் பிள்ளை நிக்கிறியள்? இருங்கோவன்” என்றார் தவிசாளர்.

“இருந்தால் நோகும் ஐயா.”

“நிக்க நோகாதோ?” என்று கேட்டார் சபையில் இருந்த மற்றப் பெரியவர்.

“நிண்டாலும் நோகும்.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். நான் இருந்துவிட்டேன்.

மூன்றாவது உறுப்பினர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரான ஓர் அம்மா. என் ஸ்கான் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எனக்கும் ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு நாரி நோ தான். பொம்பிளையளுக்கு இது கூடப்பிறந்தது” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் வியாபாரி உடனே அதைப் பிடித்துக்கொண்டார்.

“அதைத்தான் அம்மா நானும் சொல்லுறன். நான் பிழை விட்டனான், இல்லையெண்டு சொல்லேல்லை. கோட்டிலை தண்டமும் கட்டிட்டன். ஸ்கூட்டியைத் திருத்தித் தாறன். ஆனா வாழ்நாள் முழுக்க வாற நாரி நோவுக்கெல்லாம் நான் காசு கட்டேலுமே? நான் என்ன வெங்காயத்திலை மாடி வீடே கட்டிப்போட்டன்?”

“அண்ணை, எனக்கு முந்தி நாரி நோவே இருந்ததில்லை. நீங்கள் இடிச்ச நாளிலை இருந்துதான்.”

“தங்கச்சி, அண்டைக்கு எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்களோ இல்லையோ?”

“தந்தனான்.”

“நல்லூரிலை அடியழிச்சனீங்களோ இல்லையோ?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வியாபாரியின் மனைவியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனியவில்லை. வெள்ளை மனதோடு, பக்தியோடு சொன்னார்.

“நான் கண்டனான் ஐயா. எனக்கு முன்னுக்குத்தான் போனவ. கடைசிவரையும் முடிச்சவ. இவவுக்காக நானும் நேர்ந்து முடிச்சனான். முருகன் எங்கள் ரெண்டு பேரையும் கைவிடேல்லை.”

“அக்கா, நீங்கள்தானே என்னைத் தூக்கிவிட்டனீங்கள்? ஏலாமல் கிடந்ததைக் கண்டனீங்கள்தானே?”

“அது அந்த இடத்திலை ஆரெண்டாலும் ஆளையாள் தூக்கிவிடுறதுதானே தங்கச்சி? என்னையும் ஒரு பிள்ளை தூக்கிவிட்டது. எனக்கு என்ன, நாரி முறிஞ்சே போச்சு?”

யாரோ சிரித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அப்போதுதான் தவிசாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மேசையில் கீறியிருந்த மீனைப் பார்த்தேன். என்ன சொல்வது? சுகம் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, பயந்து முடித்தேன் என்றா? முடித்தாலாவது சுகம் வரும் என்று ஓர் ஆசை இருந்தது என்றா? அம்மா ஏமாந்துவிடக்கூடாது என்றா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் எதைச் சொன்னாலும், முருகன் கேட்டதைத் தரவில்லை என்று அம்மாவுக்கு முன்னால் சொல்வதாகிவிடும். அம்மா கதவுக்குப் பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் வாய் திறக்க முதல் அம்மா எழும்பிவிட்டார்.

“சுகம் வந்தது ஐயா. முருகன் தந்தவர். என்ரை பிள்ளை புரளக்கூட ஏலாமல் கிடந்தவள், இண்டைக்குத் தன்ரை காலாலை நடந்து வந்திருக்கிறாள்.”

“அவ்வளவுதான்” என்று வியாபாரி இரண்டு கையையும் விரித்தார். “தாயே சொல்லிப்போட்டா.”

தவிசாளர் ஒரு தீர்வு சொன்னார். ஸ்கூட்டி திருத்துகிற செலவையும், இரண்டாவது ஸ்கானுக்கு நாங்கள் கட்டியதில் பாதியையும் வியாபாரி தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு, இந்த விபத்துக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால், இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு கோட்டுக்குப் போகலாம். யோசித்துச் சொல்ல அடுத்த அமர்வு வரை தவணை கேட்டேன். “யோசியுங்கோ பிள்ளை. ஆனா ரெண்டு பகுதியும் நல்லாய்க் கதைச்சுப் பழகிற ஆக்கள், அதையும் யோசியுங்கோ” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் அம்மா மேல் பாய்ந்தேன். கலியாணம் முடித்த பிறகு அப்படி ஒரு நாளும் கதைத்ததில்லை.

“நீங்கள் ஏன் அம்மா எழும்பினனீங்கள்? உங்களை ஆர் கேட்டது? எனக்கு எவ்வளவு நோகுதெண்டு உங்களுக்குத் தெரியாதோ? ஆர் எனக்கு எண்ணெய் பூசுறது?”

“பின்னை? முருகன் செய்யேல்லையெண்டு சபையிலை நிண்டு சொல்லச் சொல்லுறியோ?”

“நோ மாறேல்லை எண்டு சொன்னால் காணும்.”

“நான் நேர்ந்தது நீ எழும்பி நடக்க. நடந்தாய். நோவைப் பற்றி நான் நேரேல்லை.”

என் கணவர் சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டே சொன்னார். “அடுத்த முறை நேரேக்கை கொஞ்சம் விபரமா நேருங்கோ மாமி. டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்கித் தாறன்.”

எனக்குக் கோபத்துக்குள்ளும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. ஆனால் பின்னேரம் எண்ணெய்ப் போத்தலோடு வந்து என் நாரிக்குப் பூசிவிட்டார். வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார். கோபமா, கவலையா என்று தெரியவில்லை. நோ கூடினது மட்டும் தெரிந்தது.

அடுத்த கிளினிக்கில் நான் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அடியழிப்பையும்தான். அவர் இளம் டொக்டர், ஏசப்போகிறார் என்று பயந்தேன். ஏசவில்லை. “என்ரை அம்மாவும் செய்யிறவ” என்றார். பிறகு, வலி நீண்ட காலம் இருக்கும், தொடர்ந்து சிகிச்சை வேண்டும், ஒருவேளை கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யவேண்டியும் வரலாம் என்று சொன்னார். கடிதம் கேட்டேன்.

“கடிதம் தரலாம். விபத்தாலை தட்டு பிதுங்கினது எண்டு எழுதலாம். ஆனா இப்ப இருக்கிற நோவிலை விபத்தாலை வந்தது எவ்வளவு, குனிஞ்சு எழும்பினதாலை கூடினது எவ்வளவு எண்டு கோட்டிலை கேட்டால், என்னாலை பிரிச்சுச் சொல்லேலாது.”

அன்றிலிருந்து நானும் அதைப் பிரித்துப் பார்க்கிறேன். காலையில் எழும்பும்போது வருகிற நோ வியாபாரியுடையதா? இரவில் கால் எரிவது என்னுடையதா? அவர் இடிக்காவிட்டால் அம்மா நேர்ந்திருக்க மாட்டார், அம்மா நேராவிட்டால் நான் விழுந்து எழும்பியிருக்க மாட்டேன். அப்படிப் பார்த்தால் முழுக்க அவருடையது. ஆனால் என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் போனேன். நியாயமான நட்டஈடு என்று நான் கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிறகு மகள் கதிரையில் ஏறி நிற்பதைக் கண்டால், ஏன் கூச வேண்டும் என்று கோபம் வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வரும்.

வியாபாரியைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய காப்புறுதிக் கம்பனிக்குப் போனோம். கோட்டுத் தீர்ப்பு இருந்தால்தான் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே கோட்டுக்குப் போனால் காசு கம்பனியிடமிருந்து வரலாம், அவர் கையில் இருந்து போகாமலும் இருக்கலாம். இதை அவருக்கு விளங்கப்படுத்தலாம் என்று கணவர் தொலைபேசி எடுத்துப் பேசினார். அவருக்குக் கோடு என்ற சொல்லே போதுமாக இருந்தது. “உங்கடை மனுசி என்ரை மனுசியோடை ஒண்டா அடியழிச்சுப்போட்டு, இப்ப எங்களைக் கோட்டிலை ஏத்தப் போறாவோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கோயில் வீதியில் என்னைத் தூக்கிய அந்தக் கை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதை எந்தப் பக்கத்தில் வைப்பது?

கணவர் கோட்டுக்குப் போவோம் என்கிறார். “இப்ப கையெழுத்து வைச்சால் நாளைக்குச் சத்திரசிகிச்சை எண்டு வரேக்கை ஆரிட்டைப் போறது? ஸ்கூட்டியைத் திருத்தி என்ன, நீர் ஓடப்போறீரோ?” அவர் சொல்வது சரி. அம்மா கையெழுத்து வைத்து முடி என்கிறார். “அந்தப் பெட்டையும் உனக்காக மண்ணிலை விழுந்தவள். வழக்கெண்டு போய்ச் சம்பாதிக்கிற பாவம் எங்களுக்கு வேண்டாம்.” அவர் சொல்வதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. காலையில் கணவர் பக்கம் நிற்கிறேன், பின்னேரம் எண்ணெய் பூசும்போது அம்மா பக்கம் சாய்கிறேன்.

ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டோம். வழக்கு நிற்கும் என்றார். ஆனால் எதிர்ப்பக்கம் அடியழிப்பைத்தான் முதலில் எடுக்கும் என்றும், சபையில் அம்மா சொன்னதை அங்கே நேரடியாகக் கொண்டுவர முடியாவிட்டாலும், அம்மாவைச் சாட்சியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கலாம் என்றும் சொன்னார். “அம்மா சாட்சிக் கூண்டிலை நிண்டு, மகளுக்கு நோ இருக்கு, நான் கண்ணாலை காணுறன் எண்டு சொன்னால் உங்களுக்குப் பெரிய பலம். சொல்லுவாவோ?” என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த அமர்வு கிட்ட வந்துவிட்டது. வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டுக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு தீர்வுக்குக் கையெழுத்து வைத்தவர்கள் யாராவது இருந்தால், பிறகு நோ கூடினபோது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கோட்டுக்குப் போனவர்கள் இருந்தால், வெளியில் தெரியாத நோவை நீங்கள் எப்படி நம்பவைத்தீர்கள்? தூக்கிவிட்ட மனிதருக்கு எதிராக வழக்குப் பேசிவிட்டு, பிறகு அவரைக் கோயிலில் காணும்போது எப்படி முகம் பார்த்தீர்கள்? எல்லாவற்றையும்விட எனக்கு ஓர் உதவி வேண்டும். என் அம்மாவின் வயதில், என் அம்மாவைப் போல நம்பிக்கை உள்ளவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் மகள் வந்து, “எனக்கு இன்னும் நோகுதம்மா, அதைச் சபையிலை சொல்லுங்கோ” என்று கேட்டால் நீங்கள் சொல்வீர்களா? சொல்வதாக இருந்தால், அவள் அதை உங்களிடம் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?